மந்திரிக்குக் கதவு திறந்தது யார்?

தச்சர் வந்து நின்ற கோலத்தைப் பார்த்தால், நடுக்கடலில் ஒரு கப்பல் கவிழ்ந்து, அந்தக் கப்பலைச் செய்ததே இவர்தான் என்பது போலிருந்தது.

“மந்திரி மறுபடியும் வீட்டுக்குள்ளயே ஒண்ணுக்குப் போயிட்டாரும்மா!”

கண்டக்டர் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். “எந்தத் துறை மந்திரி?”

“எங்க நாய்ங்க.”

“உட்காருங்க தம்பி,” என்று தன் கொழுந்தனை அடக்கினார் அண்ணி. காப்பீட்டு நிறுவனத்தில் விபத்துகளை ஆராய்ந்து ஓய்வு பெற்றவர் அவர். சாம்பலைப் பார்த்தே வீடு எப்படி எரிந்தது என்று சொல்லிவிடுவார். கண்டக்டரைக் கேட்டால், தீக்குச்சியின் பூர்வீகத்தையும் சேர்த்துச் சொல்வார் என்பார். பஸ்ஸை விட்டு இறங்கிய நாள்முதல் அண்ணியின் துப்பறியும் வேலைக்கு அவர்தான் வலது கை, இடது கை, சில சமயம் வாயும்.

தச்சர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே விஷயத்தைச் சொன்னார். அவர் மனைவி மருத்துவமனையில் இரவுப் பணி நர்ஸ், பகலில் தூங்குவார். அவர் தூக்கம் கெடக் கூடாதென்று குட்டியிலிருந்தே குரைக்காமல் பழக்கப்பட்ட நாய் மந்திரி. வருடக்கணக்கில் ஒரு சொட்டு வீட்டுக்குள் சிந்தியதில்லை. இப்போது பகலில், பின்கதவுக்கு முன்னால், குளம். நேற்று நர்ஸ் அதில் வழுக்கி விழுந்து, இடுப்பு தப்பியது தம்பிரான் புண்ணியம்.

“ஞாயித்துக்கிழமை அவ அண்ணன் வந்து மந்திரியைக் கூட்டிட்டுப் போயிடுவாரு. அவரு வீட்ல சங்கிலிதாம்மா,” என்றார் தச்சர்.

“டாக்டர் பார்த்தாச்சா?”

“சிறுநீரகம் சுத்தம், சர்க்கரை இல்லன்னுட்டாரு.”

“அண்ணி, இது எதிரி வேலை. யாரோ வாளியில கொண்டாந்து ஊத்துறான்!” என்றார் கண்டக்டர்.

“ஊத்தட்டும். போய்ப் பார்ப்போம்.”

பின்கதவு புத்தம் புதியது, தச்சரே இழைத்தது. அதன் கீழ்ப்பாதியில் தடித்த கம்பளித் துணி அழகாக அடிக்கப்பட்டிருந்தது. கழற்றிய பழைய கதவு கொல்லையில் சாய்ந்து கிடந்தது. அதன் அடிப்பகுதி, ஒரு புலிக்கூட்டமே குடியிருந்தது போல் கீறிக் கிழிந்திருந்தது. கொல்லை முழுக்க, வாசல் பக்கத்துப் பட்டறையிலிருந்து தச்சர் கொண்டுவந்து கொட்டும் மரத்தூள் கலந்த சேறு.

நர்ஸ் அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தார். அண்ணி அவர் கட்டிலுக்கடியில் கிடந்த செருப்பைத் திருப்பிப் பார்த்தார். அடியில் மரத்தூளும் மண்ணும் காய்ந்து அப்பியிருந்தன.

“கொல்லைக்குப் போவீங்களாம்மா?”

“நானா? துணி காயப்போடறதுகூட அவர்தாங்க. படுத்தா நான் பொணம்.”

“அப்ப மந்திரிக்குப் பகல்ல கதவு திறக்கிறது?”

“அது சாயங்காலம் வரைக்கும் அடக்கிக்கும்.” கணவனும் மனைவியும் ஒரே குரலில் சொன்னார்கள்.

அண்ணி சிரித்தார். “நீங்க படுங்கம்மா. தச்சரே, அந்தத் துணியைப் பிடுங்குங்க.”

நர்ஸ் படுத்த வேகத்தில் குறட்டை எழுந்து கூரை ஓட்டை அசைத்தது. மூவரும் அடுக்களையில் மூச்சைப் பிடித்து உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில் மந்திரி நெளிந்தபடி கதவுக்குப் போய்ப் புது மரத்தில் நகத்தை வைத்தது. கர்ர்... கர்ர்...

குறட்டை நின்றது. நர்ஸ் எழுந்தார். கண்கள் மூடியிருந்தன. கால்கள் தாமாகச் செருப்பைத் தேடிக்கொண்டன. நேராக வந்து தாழ்ப்பாளை நீக்கி, சேற்றில் இறங்கி நின்று, “ம்... போயிட்டு வாடா தங்கம்,” என்றார். மந்திரி காரியம் முடித்து உள்ளே வந்ததும் கதவைச் சாத்திவிட்டுப் போய்ப் படுத்தார். மறுபடி குறட்டை. கண்டக்டர் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டிருந்தார்; இல்லாவிட்டால் தெருக்கோடி வரை விசில் கேட்டிருக்கும்.

நர்ஸ் விழித்தெழுந்ததும் அண்ணி விளக்கினார்.

“வார்டுல யார் முனகினாலும் எழுந்து பழகின உடம்பு உங்களுது. நாய் கீறினா தூக்கத்துலயே எழுந்து திறந்திருக்கீங்க, வருஷக்கணக்கா. பழைய கதவுல கீறல் அவ்வளவு இருக்கு. வெளியே விடச் சொல்லி அது கேட்ட பாஷை அதுதான். புதுக் கதவு வந்துச்சு, துணியும் வந்துச்சு. கீறினது யாருக்கும் கேக்கல. குரைக்கவும் கூடாதுன்னு சொல்லி வெச்சிருக்கு. பாவம், அது என்ன பண்ணும்?”

“சும்மா சொல்லாதீங்க!” என்ற நர்ஸ், செருப்பைத் திருப்பினார். ஈரச் சேறு. அதை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு கணவன் பக்கம் திரும்பினார். “அந்தத் துணியை எதுக்கு அடிச்சே?”

தச்சர் தலையைச் சொறிந்தார். “கீறுற சத்தத்துல உன் தூக்கம் கெடுமேன்னுதான்.”

நர்ஸ் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். மந்திரியை மடியில் இழுத்து, “வாயத் தொறக்காம எனக்காக அடக்கிக்கிட்டு இருந்தியாடா? உன்னையா நான் அனுப்பப் பார்த்தேன்?” என்று அதன் நெற்றியில் முகம் புதைத்தார். அப்புறம் எழுந்து அண்ணன் வீட்டுக்குப் போன் போட்டார். “அண்ணே, ஞாயித்துக்கிழமை நீ மட்டும் வந்து சாப்பிட்டுப் போ.”

தச்சர் கைகூப்பினார். அண்ணி அதைத் தட்டிவிட்டார். “என்னைக் கும்பிடாதீங்க. உங்க வீட்ல தூங்கிட்டே வேலை பார்க்கிற ஒருத்தங்க இருக்காங்க, அவங்களைக் கும்பிடுங்க.”

“எங்க டிப்போவுலயும் அப்படி ரெண்டு பேர் இருந்தாங்க அண்ணி. அவங்களை யாரும் கும்பிடல,” என்றார் கண்டக்டர்.

இப்போது அந்தக் கம்பளித் துணி மந்திரியின் படுக்கை. தான் இழைத்த கதவில் நகம் இழுபடும் சத்தம் கேட்டால் எந்தத் தச்சனுக்கும் உயிர் போகும். இவரோ உளியைக் கீழே வைத்துவிட்டு, தாழ்ப்பாள் நீங்கும் ஓசை வரும்வரை காதுகொடுத்துக் கேட்கிறார். கேட்டதும், “நல்லா இருங்க ரெண்டு பேரும்,” என்று முணுமுணுத்துக்கொண்டு இழைப்பைத் தொடர்கிறார்.