அப்பாவின் தண்ணீர்ச் செய்தி

மழையும் விடுவதாக இல்லை, சிறுமி குருவியின் அப்பாவும் கோபத்தை விடுவதாக இல்லை.

அப்பா பஸ் டிரைவர். மழைக்காலத்தில் விடிந்ததும் மற்ற டிரைவர்களுக்குப் போன் போடுவார். எந்த ரோட்டில் தண்ணீர் நிற்கிறது என்று விசாரித்துத் தன் இணையப் பக்கத்தில் எழுதுவார். தெருக்காரர்கள் பார்க்கும் ஆப்பிலும் அதைப் போடுவார். அந்த ஆப் இருக்கிறதே, பணப் பசையுள்ள பக்கம் பேசும் தரகன்! செருப்பு விளம்பரத்தை முன்னால் தள்ளிவிட்டு, அப்பாவின் செய்தியை மறுநாள் சாவகாசமாகக் காட்டும்.

அதனால்தான் எதிர்வீட்டுத் தையலக்கா பாலத்தடி வெள்ளத்தில் மாட்டிக்கொண்டார். தைத்து முடித்த துணி மூட்டை மொத்தமும் சேறாகிப் போனது.

“யாருக்கும் போய்ச் சேராததை எதுக்கு எழுதணும்? இதோட நிறுத்திடறேன்” என்றார் அப்பா.

குருவி போனை எடுத்தாள். அப்பாவின் இணையப் பக்கத்தை மேலும் கீழுமாக அலசினாள். ஒரு மூலையில் ஆரஞ்சு நிறக் குறி. ‘செய்தியோடை: புதிதாக எழுதியது உங்களைத் தேடி வரும்’ என்றிருந்தது.

அட, தரகனே வேண்டாமே!

குடையோடு எதிர்வீட்டுக்கு ஓடி, தையலக்காவின் போனில் அப்பாவின் பக்கத்தைத் திறந்து காட்டினாள். “அக்கா, இதை அழுத்துங்க. அப்பா எழுதறது நேரா உங்ககிட்டயே வந்துடும்.”

தையலக்கா அழுத்தினார். எறும்புப் புற்றை இடித்தது போலத் திரை முழுக்க அடைப்புக்குறிகளும் ஆங்கில எழுத்துகளும்.

“ஐயையோ! துணிதான் போச்சு, இப்ப போனுமா? அப்பாவும் பொண்ணும் என்னை ஒருவழி பண்ணாம விடமாட்டீங்களா?”

கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

குருவி கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டில் அதே குறியை அழுத்தினாள். அதே குப்பை. ஆனால் நட்டநடுவே, ‘பாலத்தடியில் தண்ணீர்’. அப்பா எழுதிய வரி!

அப்படியானால் எதுவும் கெடவில்லை. தேடிப் பார்த்ததும் விஷயம் புரிந்தது. அந்தக் குறி காட்டும் முகவரியை நேராகத் திறக்கக் கூடாது. செய்தியோடை படிக்கும் ஆப்பில் கொடுக்க வேண்டும்.

மறுபடி கதவைத் தட்டினாள். “அக்கா, போன் நல்லாத்தான் இருக்கு. நாம சட்டையோட உள்பக்கத்தைப் பார்த்துட்டோம். நூலும் பிசிறுமா இருக்கும்ல? அதைத் திருப்பிக் காட்ட ஒரு ஆப் இருக்கு.”

கதவு அரை அடி திறந்தது. “எவ்வளவு கேட்கும்?”

“இலவசம்.”

“அதான் இன்னும் பயமா இருக்கு!”

“பிடிக்கலைன்னா நானே எடுத்துடறேங்க்கா.”

“ம்... கெடறதுக்கு இனிமே என்ன இருக்கு?” போன் வெளியே நீண்டது.

அதில் ஆப்பைப் போட்டுக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னாள். “நாளைக்கும் எழுதுங்கப்பா. ஒரு ஆள் படிப்பாங்க.”

“ஒரே ஒரு ஆளா?”

“உங்க பஸ்ல ஒரே ஒரு ஆள் ஏறினா ஓட்டமாட்டீங்களா?”

அப்பா முறைத்தார். ஆனால் காலையில் ‘பாலத்தடியில் தண்ணீர் நிற்கிறது’ என்று எழுதினார்.

மழை கொட்டிக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரத்தில் வாசலில் தையலக்கா. கக்கத்தில் நனையாத மூட்டை, முகத்தில் கடுகடுப்பு.

“தண்ணி நிக்குதுன்னு மொட்டையா எழுதினா எப்படி? கணுக்காலா, முழங்காலா? போறதா, சுத்திப் போறதா? ஒழுங்கா எழுதச் சொல்லு உங்கப்பாவை!”

அப்பா காதில் விழாதவர் போலத் திரும்பி உட்கார்ந்திருந்தார். விரல்கள் மட்டும் ‘முழங்கால் அளவு, சுற்றிப் போகவும்’ என்று தட்டிக்கொண்டிருந்தன.