கடைசிக் காலத்துக் கேசட்

மதியம் கரண்ட் போனதும் எடப்பாடியின் அந்தத் தெருவில் விசைத்தறிகள் ஒவ்வொன்றாக அடங்கின. காலையிலிருந்து சுவரையும் பாத்திரங்களையும் அதிரவைத்துக்கொண்டிருந்த ஓசை நின்று, பஞ்சுத் தூசியும் பசை வாடையும் மட்டும் வெயிலில் மிதந்த அந்த அமைதியில், மாடி அறையிலிருந்து வீடியோ கேமின் இசை மட்டும் நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தது.

அரிசி களைந்த ஈரக்கையோடு ரஞ்சனி அண்ணாந்து பார்த்தாள். மின்விசிறி நின்றிருந்தது. அந்த வீட்டில் இன்வெர்ட்டர் கிடையாது.

அவள் கணவன் கோகுல்ராஜ் ரிக் வண்டியில் வடநாட்டுக்குப் போய் ஆழ்துளைக் கிணறு போடுகிறவன். குழாய் விழுந்து இடது கால் முறிந்து, கம்பி வைத்து வீட்டில் கிடந்தான். பொழுது போகவில்லை என்று, சின்ன வயதில் டிவியில் மாட்டிக் கேசட் போட்டு விளையாடிய பழைய வீடியோ கேம் மிஷின் ஒன்றைச் சேலத்துப் பழைய சாமான் கடையிலிருந்து வரவழைத்தான். கூடவே வந்தது பெயரே ஒட்டாத, செங்கல் கனத்தில் ஒரு கேசட்.

"இது அந்த மிஷினோட கடைசிக் காலத்துல வந்த ஆட்டம் ரஞ்சி," என்று முதல் நாள் குதூகலமாகச் சொன்னான். "புது மிஷின் வந்து எல்லாரும் அதுக்குப் போயிட்டாங்க. இந்த ஆட்டத்தைச் செஞ்சவன் மட்டும் உடலையே! இத்துனூண்டு பொட்டிக்குள்ள ஒரு ஊரையே அடைச்சுப்போட்டான். மழை பேயுது, பொழுது சாயுது. நாம ஒருத்தனை வெட்டுனா, அவன் பொண்டாட்டி நம்ம மூஞ்சிய மறக்கறதில்ல."

"அடைச்சு வெச்சா அதுகளுக்கு மூச்சு முட்டாதுங்களா?" என்று அவள் சிரித்தாள்.

பிறகு சிரிப்பு வரவில்லை. திரையில் கத்தி ஏந்திய வீரன் காடும் ஆறும் கடந்து, வெட்டவெளியில் நின்ற ஒரு வீட்டுக்கு வந்து சேர்ந்தான். கீழே தறிக்கூடம், மேலே ஒற்றை அறை. "நம்ம ஊடு மாதிரியே இருக்குதில்ல?" என்றான் கோகுல்ராஜ். மேலறை பூட்டியிருந்தது. அதைத் திறக்க வழி தேடிச் சோறு தண்ணி மறந்தான். கட்டைவிரல்களில் தோல் உரிந்த பிறகும் கையை எடுக்கவில்லை.

இப்போது ரஞ்சனி படியேறினாள். ஏற ஏறப் பிளாஸ்டிக் கருகும் நாற்றம் வந்தது. அதற்கடியில், கறிக்கடை வாசலில் வீசுமே, அந்தப் பச்சை வாடை.

டிவி ஒயரும் மிஷின் ஒயரும் சுவரிலிருந்து பிடுங்கப்பட்டுத் தரையில் கிடந்தன. திரை ஒளிர்ந்துகொண்டிருந்தது.

"நாந்தான் புடுங்குனேன்," என்றான் கோகுல்ராஜ். கண்ணில் நீர் வழிந்தது. "நிக்கமாட்டேங்குது ரஞ்சி. விரலு என் பேச்சைக் கேக்கல."

திரையில் வீரன் தறிக்கூடத்துக்குள் நின்றான். எதிரே லுங்கி கட்டிய ஒரு சின்ன உருவம் குனிந்திருந்தது. கத்தி உயர்ந்தது. கோகுல்ராஜின் ரத்தம் கசிந்த விரல் பொத்தானை அழுத்தியது.

கீழே வேலுசாமி அலறினார். அவர்களுடைய தறியை ஓட்டுபவர்.

அவள் ஓடினாள். தறிகள் அசையாமல் நின்றன. இரண்டு தறிகளுக்கு நடுவே உட்கார்ந்து வேலுசாமி தன் வலது மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கப்பால் கை இல்லை. தறியில் பூட்டிய வெள்ளைப் பாவு நூல் முழுக்கச் சிவப்பு. அதன்மேல் கிடந்த கை, விரல்களை விரித்து விரித்து மூடியது.

"தறி ஓடலியே சாமி... ஓடலியே..."

துண்டால் இறுக்கிக் கட்டினாள். தெருவைப் பார்த்துக் கத்தினாள். ஆட்கள் ஓடிவரும் சத்தம் கேட்டதும் தறிச் சுத்தியலை எடுத்துக்கொண்டு மேலே பாய்ந்தாள்.

திரையில் வீரன் ரத்தம் சொட்டும் கத்தியோடு படியேறிக்கொண்டிருந்தான்.

மிஷினை அடித்தாள். சிதறியது. கேசட்டை அடித்தாள். பிளந்தது. இசை நிற்கவில்லை.

"என் கையை அடி ரஞ்சி."

"ஏனுங்க..."

"அந்தக் கதவு தெறக்கக்கூடாது. அடிச்சுரு!"

கண்ணை மூடிக்கொண்டு அடித்தாள். எலும்பு நொறுங்கியது. மறுபடி அடித்தாள். மறுபடி. கோகுல்ராஜ் சாய்ந்தான்.

இசை நின்றது.

திரையில் வீரனும் நின்றுவிட்டான். கதவுக்கு முன்னால். அவள் மூச்சு விட்டாள். அழுகை வந்தது.

வீரன் கால் எடுத்து வைத்தான்.

யாரும் அழுத்தவில்லை.

கதவு திறந்தது. உள்ளே ஒருவன் சாய்ந்து கிடந்தான். பக்கத்தில் ஒருத்தி. கையில் சுத்தியல். கதவுக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

ரஞ்சனியின் முதுகில் காற்று பட்டது. திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை.

திரையில் கத்தி சுழன்றது.

அந்தச் சின்னத் தலை தரையில் விழுந்து உருண்டது. உடல் மட்டும் நின்றுகொண்டேயிருந்தது.

ரஞ்சனி மெல்லக் கையை உயர்த்தித் தன் கழுத்தைத் தொட்டாள். நூல் அளவுக்கு ஒரு சூடு. சுற்றிலும்.

விரல் தடையில்லாமல் உள்ளே போனது.