ஏழாம் கூண்டில் பிரசவம்!

“ஐயோ… மேடம்!”

காலை ஏழரைக்கு எல்லம்மாள் போட்ட அலறலில் மாமல்லபுரம் கடலோர ஆய்வுக்கூடமே ஆடிப்போனது.

ஏழாம் கூண்டு. ஆறு வெள்ளெலிகள். ஆறும் பெண்.

நடுவில்… ரோஸ் நிறத்தில் ஒன்பது குட்டிகள்!

எல்லம்மாளுக்குக் கூண்டு கழுவும் வேலை. ஓடிவந்தவர்கள் இருவர். கூடத்தின் தலைவி டாக்டர் பிரபாவதி, ஆராய்ச்சியாளர் கிரிதர்.

இந்த இனத்துப் பெண் எலிகளின் உடம்பே தன் கணையத்தைத் தாக்கி, சர்க்கரை நோயை வரவழைத்துக்கொள்ளும். தன் புதுத் தீவனம் தின்ற ஏழாம் கூண்டுக்கு மட்டும் நோயே வரவில்லை என்று நாளை மேடையேறி அறிவிக்கப்போகிறவர் கிரிதர். ஓர் எலி கொழுத்ததைக்கூடத் தீவனத்தின் மகிமை என்று பீற்றிக்கொண்டிருந்தார்.

இப்போது எகிறினார். ஆண் எலியை மாற்றிப் போட்டது எல்லம்மாள்தானாம். இன்றே வேலையிலிருந்து தூக்க வேண்டுமாம்.

எல்லம்மாளின் மகள் சிநேகாவுக்கும் அதே நோய். தினம் நாலு ஊசி. இந்த வேலை போனால்…

“எலி எத்தினி நாள் சுமக்கும் மேடம்?”

“இருபது நாள்.”

“ஒரு மாசம் செங்கல்பட்டு ஆஸ்பத்திரில பொண்ணோட கெடந்தேன். வேலைக்கு வந்து நாலு நாள்தான் ஆவுது.”

பிரபாவதியின் புருவம் உயர்ந்தது.

எல்லம்மாள் கூண்டிலிருந்த மரத்தூளை அள்ளிக் காட்டினாள்.

“சக்கர வந்த எலி தண்ணியா குடிச்சு தொப்பலா நனைச்சு வெக்கும். நான் லீவுல போறப்ப இந்தக் கூண்டு ஈரம். இப்ப காஞ்சு கீது.”

“பாட்டில் ஒழுகியிருக்கும்,” கிரிதர் சிரித்தார்.

“உங்க ரூமும் ஒழுவுதா சார்?”

சிரிப்பு நின்றது.

நாலு நாளாக அவர் தன் அறையைப் பெருக்கவே விடவில்லை. ஆனால் நனைந்த மரத்தூளின் மூத்திர நெடி கதவிடுக்கு வழியே வெளியே வந்துகொண்டுதான் இருந்தது. பன்னிரண்டு வருடமாக முகர்ந்த மூக்குக்குத் தெரியாதா!

பிரபாவதி சாவியைக் கேட்டு வாங்கி, கிரிதரின் அறையில் நெடியடித்த பீரோவைத் திறந்தார்.

சொதசொதவென்று மரத்தூள். அதன்மேல் ஏழாம் கூண்டின் பழைய ஆறு எலிகள்… விடாமல் தண்ணீர் உறிஞ்சிக்கொண்டு!

கிரிதர் கைகூப்பினார்.

“தீவனம் பலிக்கல. நோய் வந்ததுங்களக் கொல்ல மனசு வரல மேடம். அதுங்களுக்குப் பதிலா வாங்கினதெல்லாம் பொண்ணுன்னு கடைக்காரன் சொன்னான். மாசமா இருக்குன்னு சொல்லல.”

“உங்க தீவனத்த நம்பி என் பொண்ணு ஊசிய விட்டிருந்தா?” எல்லம்மாளின் குரல் உடைந்தது.

பிரபாவதி அவள் தோளைத் தொட்டார். எல்லம்மாளின் வேலைக்கு ஆபத்தில்லை, கிரிதர்தான் மேஜையைக் காலி செய்ய வேண்டும் என்றார்.

“மாத்தினப்போ யாருமே பார்க்கலையே…” கிரிதர் முனகினார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு எல்லம்மாள் கூண்டைத் தூக்கிக் காட்டினாள்.

“காட்டிக் குடுத்த ஒம்பது சாட்சியும் இன்னும் கண்ணே தொறக்கல சார்!”