பதினைந்தாம் இருக்கைக்காரி

"ஹலோ... ஹலோ! தள்ளி நில்லுங்க, அட்டை மேல சொட்டுது!"

அவள் கத்திய வேகத்தில், உள்ளே வந்தவன் இரண்டடி பின்னால் குதித்தான். குதித்ததில் தலைமுடியிலிருந்த மிச்ச மழையும் அட்டையில் தெறித்தது. படங்களுக்குச் சட்டம் போடும் கடை அது. படத்தைச் சுற்றி வைக்க, காலையிலிருந்து குனிந்து குனிந்து அவள் வெட்டிய ஓர அட்டை... மூன்று சொட்டில் பாழ்.

"ஐயோ, சாரிங்க. இது நனையக் கூடாதுன்னு ஓடி வந்தேனா..."

தொப்பலாக நனைந்தவன், துளியும் நனையாத ஓர் உறையைச் சட்டைக்குள்ளிருந்து எடுத்து நீட்டினான். திட்ட வாய் திறந்தவள் அவன் கண்களைப் பார்த்துவிட்டாள். இமை நுனியில் ஒரு சொட்டு, விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு நின்றது. அவளும் அப்படியே நின்றாள்.

உறைக்குள், சட்டம் போடக் கொண்டுவந்த பன்னிரண்டு டிக்கெட்டுகள். ஒரே இசைக்குழுவின் ஆறு கச்சேரிகள். ஆறும் சில நிமிடங்களில் விற்றுத் தீர்ந்தவை. ஆறுக்கும் முயன்று, ஒன்றுகூடக் கிடைக்காதவள் அவள்.

"எல்லாத்துக்கும் போனீங்களா? எப்படிங்க?"

"லிஃப்ட் மெக்கானிக் நான். விற்பனை தொடங்குற நேரத்துக்கு லிஃப்ட் கூரை மேல உக்காந்து போனைத் தட்டிட்டே இருப்பேன்" என்று சிரித்தான். "முதல் கச்சேரில கரண்ட் போச்சுங்க. பாட்டு நிக்கலையே! இருட்டுல ஜனங்களே பாடி முடிச்சாங்க. இன்னும் காதுல கேக்குது... இதோ, ஜே வரிசை, பதினாலு. எப்பவும் என் இடம்."

அப்போதுதான் கவனித்தாள். ஒவ்வொரு பதினான்குக்கும் பக்கத்தில் ஒரு பதினைந்து.

கேட்டிருக்கலாம். ஆனால் பார்த்துப் பத்து நிமிடமான ஒருவனிடம் 'பக்கத்துல யாரு' என்று கேட்க அவள் என்ன, அவன் அத்தை மகளா?

"சனிக்கிழமை வாங்க" என்றாள் விறைப்பாக.

நான்கு நாட்கள் வெட்டுக்கத்தியை ஓட்டும்போதெல்லாம் அவளுக்கு வயிறு எரிந்தது. அந்தப் பதினைந்துக்காரிக்கு நீளமான கூந்தல் இருக்கும். கரண்ட் போனபோது அவன் கையைப் பிடித்திருப்பாள். பிடிக்காமலா இருப்பாள்... இருட்டாச்சே! நடுவில் இரண்டு முறை அவன் "சட்டத்தோட கலரைப் பார்க்கலாம்னு" வந்து நின்றான். இரண்டு முறையும் உள்ளே போய் ஒளிந்துகொண்டு, கடைக்காரரான தாய்மாமாவை அனுப்பினாள்.

வேலை முடிந்தபோது பதினான்குகள் ஜன்னல் வைத்ததுபோலப் பளிச்சென்று தெரிந்தன. பதினைந்துகளின் முகத்தைப் பார்க்கக்கூடப் பிடிக்காமல், பாதிக்குமேல் அட்டைக்கு அடியில் தள்ளியிருந்தாள்.

சனிக்கிழமை அவன் சட்டத்தைக் கையில் வாங்கி, கொஞ்ச நேரம் பார்த்தான்.

"பக்கத்து டிக்கெட்டெல்லாம் மறைஞ்சிருக்கே?"

"அளவு... தப்பிடுச்சு."

மாமா எட்டிப் பார்த்தார். "என்னம்மா இது? ஒரு நூல்கூடத் தப்பாதவளாச்சே நீ! மன்னிச்சுக்கோங்க தம்பி. நகரு, நானே பிரிச்சுப் போடுறேன்."

"வேண்டாம் மாமா. நான் கெடுத்தது... நானே பண்றேன்."

மாமா முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனார். அவள் முகம் சிவக்கப் பின்பலகையைக் கழற்றி, பதினைந்துகளை ஒவ்வொன்றாக உருவினாள். முதல் மூன்றில் வாசலில் கிழித்த ஓரம். நான்காவதில்... கிழிசலே இல்லை. ஐந்து, ஆறு... அவையும் முழுசு.

"இதெல்லாம் கிழிக்கவே இல்லையே?"

"மூணாவது கச்சேரியோட, கூட வந்தவங்க வேற ஊரு, வேற வாழ்க்கைன்னு போயிட்டாங்க. எனக்கு ரெண்டு எடுத்தே பழகிப்போச்சு. யாராவது உக்காரலாமான்னு கேட்டா, ஆள் வருவாங்கன்னு சொல்லிடுவேன்." பார்வையைத் தாழ்த்தினான். "முடிஞ்சதைச் சுவத்துல மாட்டிட்டா, அப்புறம் பையில சுமக்க வேண்டாம்ல?"

பரிதாபம் வந்திருக்க வேண்டும். வந்தது கோபம்.

"அஞ்சாவது கச்சேரி, அந்த மழை நாள்... இந்த சீட்டு காலியாவா இருந்துச்சு?"

"ஆமா..."

"அநியாயம்ங்க! வாசல்ல ஹவுஸ்ஃபுல் போர்டுக்குக் கீழ ரெண்டு மணி நேரம் நனைஞ்சேன் நான்! சுவத்துல காதை வச்சு ட்ரம் சத்தம் மட்டும் கேட்டுட்டு வந்து மூணு நாள் காய்ச்சல்! நீங்க அங்க யாரை உக்கார வச்சிருந்தீங்க?"

"குடையை..." என்றான் மெதுவாக.

"குடையா!"

முதலில் அவனுக்குத்தான் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பிறகு அவளுக்கும்.

"சரி விடுங்க, அளவு தப்புறது யாருக்கும் நடக்கும்" என்றான்.

தலையாட்டித் தப்பித்திருக்கலாம். ஆனால் கையிலிருந்த அந்த முழு டிக்கெட்டுகள்...

"தப்பலைங்க. வேணும்னேதான் மறைச்சேன்." குரல் அவளுக்கே கேட்கவில்லை. "அவங்க பேர்கூடத் தெரியாது... நாலு நாளா பதினஞ்சோட மனசுக்குள்ள ஒரே சண்டை. பொறாமை."

அவன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"எனக்குக் கலரெல்லாம் பார்க்கத் தெரியாதுங்க. ரெண்டு தடவையும் உங்களைப் பார்க்கத்தான் வந்தேன். உங்க மாமாதான் வந்தாரு... அரை மணி நேரம் தேக்குக்கும் வேம்புக்கும் வித்தியாசம் சொன்னாரு."

அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். புது அட்டையை இழுத்து, அளவுகோலை வைத்தாள்.

"எல்லாம் முழுசாத் தெரியுற மாதிரி வெட்டித் தர்றேன். எதையும் மறைக்க மாட்டேன். ஆனா... உங்க வீட்டுல நான் உக்காந்து சாப்பிடப் போற இடத்துக்கு எதிர்ல மட்டும் இதை மாட்டக் கூடாது."

அவனுக்குப் புரிய ஒரு நொடி ஆனது. புரிந்ததும், காது நுனி வரை சிவந்தது.

"அப்போ... எந்தச் சுவத்துல மாட்டட்டும்?"

"மாமாவைக் கூட்டிக்கிட்டு வந்து, வீட்டைப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்றாள், தலை நிமிராமல்.