மிதிபட்ட ஏலக்காய்

"எம்புருசன் திருடன்தான்யா. அதை நான் மறுக்க வரலை," என்றாள் செல்லக்கிளி.

போடி ஊர் வக்கீல் கண்ணுச்சாமி பேனாவை மூடி வைத்தார். கட்சிக்காரர்கள் உண்மையிலிருந்து தொடங்கினால் அவருக்குக் கொஞ்சம் சங்கடம்.

மலைத்தோட்டத்தில் களவுபோன பச்சை ஏலக்காய் இரண்டு சாக்குகளில் பிடிபட்டது. காவல்காரன் மலைச்சாமி அப்ரூவராகி, "சதி சுருளியோடது. மூட்டை கட்டினதும் அவன்தான், நான் வாசல்ல நின்னேன்," என்று சொல்லிவிட்டான். செல்லக்கிளியின் புருசன் சுருளிக்கு முன்பே மூன்று ஏலக்காய்க் களவுத் தண்டனைகள். கீழ்க்கோர்ட்டு அவற்றை வைத்தே சதியை நம்பியது. அவற்றைக் காட்டியே ஏழு வருஷம் கொடுத்தது. இப்போது மதுரையில் அப்பீல்.

"பழைய கேசுகளைப் பேசவே கூடாதுன்னு வாதாடுவோம்யா," என்றான் குமாஸ்தா சோலை, ஆவலாக.

"பேசாம விட்டா நம்ம ஆளு உள்ளதான் இருப்பான். சாக்கைப் பிரிச்சப்ப காய் எப்படி இருந்துச்சு, தாயி?"

"அடிக்காயெல்லாம் வெடிச்சு நசுங்கிக் கெடந்துச்சாம். அதான் எனக்கு வயித்தெரிச்சல். முந்தி அவரு எடுத்த காயைப் பாத்து, 'ஒரு காய் வெடிக்கலை, காய் உலத்துற என் ஸ்டோர்ல கூட இப்படி உலத்தலை'ன்னு முதலாளியே கூண்டுல நின்னு சொன்னாரு."

"மலைச்சாமி எந்த ஊரு?"

"சிலமலை. காவலுக்கு வர்றதுக்கு முந்தி பருத்திச் சோலி."

மதுரையில், சுருளியின் பழைய தண்டனைகளை முழுக்க வாசிக்கும்படி கண்ணுச்சாமியே கேட்டார். ஆட்சேபிக்க வேண்டியதுதானா என்று தெரியாமல் அரசு வக்கீல் உட்கார்ந்துவிட்டார். பிறகு, நீதிபதியின் அனுமதியோடு மலைச்சாமி மறுபடி கூண்டேறினான்.

"பருத்திப் பொதி மிதிக்கிறதுல உம்மை மிஞ்ச ஆளில்லையாமே?"

மலைச்சாமியின் நெஞ்சு நிமிர்ந்தது. "எங்கப்பன் பழக்கின காலுங்க. சாக்குக்குள்ள எறங்கினேன்னா கல்லு மாதிரி எறுகிப்போகும்."

"ஏலக்காயும் அப்படித்தான் எறுகுச்சோ?"

"பின்னே? மிதிக்காம ரெண்டு சாக்குல அம்புட்டும் எப்படிங்க அடங்கும்?"

மலைச்சாமி முன்பு 'வாசல்ல நின்னேன்' என்று சொன்ன பக்கத்தைக் கண்ணுச்சாமி மேலே நீட்டினார்.

"ஏலக்காய் வெடித்தால் விலை போகாது," என்றார் கண்ணுச்சாமி, நீதிபதியிடம். "மூன்று முறை சிறைக்குப் போனவன், ஒரு காயை வெடிக்கவிட்டதில்லை. பக்கத்தில் நின்றிருந்தால்கூட மிதிக்க விட்டிருக்கமாட்டான். அவனுடைய கெட்ட பெயர்தான் அவனுக்குச் சாட்சி. மிச்சமிருப்பது மலைச்சாமி ஒருவன். ஒற்றை ஆள் சதி செய்ய முடியாது."

சுருளிக்கு விடுதலை. தீர்ப்பில் நீதிபதி ஒரு வரி சேர்த்தார்: முந்தைய மூன்று களவுகளும் இவன் கைவேலைதான் என்பதில் ஐயமே இல்லை. சுருளி அந்த வரிக்குத்தான் கைகூப்பினான்.

வாசலில், தீர்ப்பு நகலை சோலை கொண்டுவந்தான்.

"அந்த வரியை மட்டும் வாசிங்க, தம்பி," என்றாள் செல்லக்கிளி. "நாலு பேருக்குக் கேக்குற மாதிரி."