படிவத்தின் பின்பக்கம்

முதல் தடவை எண்ணும்போதே திட்டின் நடுவில் ஓர் இடம் காலியாக இருந்தது.

கடல் ஏறியிருக்கும் நேரத்தில் அப்படி இருக்க வழியே இல்லை. சேறு முழுவதும் தண்ணீருக்குள் போய்விட்டால் பறவைகளுக்கு மிஞ்சுவது அந்த நீளமான மணல் திட்டு ஒன்றுதான். உள்ளானும் உப்புக்கொத்தியும் பவளக்காலியும் ஆலாவும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு, ஒற்றைக் காலில், அலகை முதுகுச் சிறகுக்குள் செருகிக்கொண்டு, தண்ணீர் இறங்கும்வரை நின்றுகொண்டிருக்கும். அந்த நெரிசலுக்கு நடுவே ஓர் அறை அளவுக்கு வட்டமாக வெறும் மணல். நிற்க இடமில்லாத பேருந்தில் ஒரே ஓர் இருக்கை மட்டும் காலியாக இருந்தால் யாருக்கும் முதலில் சந்தோஷம் வராது, சந்தேகம்தான் வரும். அவள் தொலைநோக்கியை இறக்கிவிட்டு வெறும் கண்ணால் பார்த்தாள். செத்த மீன் இல்லை, கண்ணாடித் துண்டு இல்லை, மேலே வட்டமிடும் பருந்தும் இல்லை.

"சரி, உங்க இஷ்டம்" என்று பறவைகளிடம் சொல்லிவிட்டு, நாலாயிரத்து இருநூற்றுப் பத்து என்று எழுதினாள்.

வாரநாட்களில் அவள் நீதிமன்றத்தில் தட்டச்சர். மற்ற நேரமெல்லாம் அந்த மாவட்டத்துக் கடற்கரையின் பறவைக் கணக்கு அவள் கையில்தான் இருந்தது. சம்பளம் கிடையாது, பெருமையும் அவ்வளவாகக் கிடையாது. கரை நெடுக ஒன்பது பார்வைக் குடில்கள். ஒன்பதிலும் மாதத்தின் முதல் ஞாயிறு, கடல் ஏறியிருக்கும்போது யாராவது உட்கார்ந்து எண்ணி, படிவத்தை நிரப்பி அவளுக்குத் தபாலில் அனுப்புவார்கள். அதையெல்லாம் அவள் தட்டச்சு செய்து வருடப் புத்தகமாக்குவாள். பன்னிரண்டு மாதம், ஒன்பது குடில், நூற்றெட்டுக் கட்டங்கள். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் அவளுக்குச் சோறு இறங்காது. இந்த வருடம் பார்த்து எல்லோருக்கும் சோம்பல் பிடித்திருந்தது. ஒரு குடிலை எண்ணும் பல் மருத்துவர் ஜூனோடு நிறுத்திவிட்டார். இன்னொன்றை எண்ணும் நர்ஸ் சகோதரிகள் செப்டம்பரோடு. இந்தக் குடிலை எண்ணும் டாக்ஸிக்காரர் போன மாதம் வரை ஒழுங்காக அனுப்பியவர், இப்போது போனையே எடுப்பதில்லை. டிசம்பர் கட்டம் காலியாகிவிடக் கூடாதே என்று அவளே கிளம்பி வந்துவிட்டாள்.

"நீ போகலைன்னா அந்தக் கட்டம் அழுதுடுமா?" என்று காலையில் கணவன் கேட்டான். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன். மேலே போவதும் கீழே வருவதும் தவிர உலகத்தில் எதையும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டான். "போயிட்டு வா, கணக்குப்பிள்ளை. உன் பறவைங்களைக் கேட்டேன்னு சொல்லு."

குடில் திட்டின் முனையில், பாதி மணலிலும் பாதி தண்ணீரிலுமாக, மரக்கால்கள் மேல் நின்றது. ஒரு கதவு, ஏழு படி, கண் உயரத்தில் நீளமாக ஒரு திறப்பு. கரையிலிருந்து அதற்கு வருவது அறுநூறு அடி நீளக் கல்பாதை. அந்தப் பாதை பன்னிரண்டு மணிக்குக் கடலுக்குள் போனால் மூன்று மணிக்குத்தான் வெளியே வரும். அதுவரை உள்ளே இருப்பவர் உள்ளேதான். அதைக் கணக்குப் பண்ணித்தான் அவள் வருடப் படிவக் கட்டு முழுவதையும் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தாள்.

இரண்டாம் தடவை எண்ணுவதற்கு முன்னால், கூட்டிப் பார்க்க ஒரு வெற்றுத்தாள் தேடினாள். கிடைக்கவில்லை. டாக்ஸிக்காரரின் ஜனவரிப் படிவத்தை எடுத்துத் திருப்பினாள்.

பின்பக்கம் வெற்றாக இல்லை.

பதினொரு வருடமாக அவள் படிவத்தின் முன்பக்கத்தைத்தான் பார்த்திருக்கிறாள். எண், இனம், நேரம், காற்று. அவ்வளவுதான் புத்தகத்துக்கு வேண்டும். பின்பக்கம் எண்ணுபவரின் வசதிக்கு: திட்டைக் கோட்டுப்படமாக வரைந்து, கூட்டத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்துக்கொள்வார்கள். டாக்ஸிக்காரரும் வரைந்திருந்தார். கீழே குடிலுக்கு ஒரு சின்னச் சதுரம். மேலே நீளமாகத் திட்டு, பறவைகளுக்குப் பதில் பென்சில் கீறல்கள். திட்டின் கோடியில் ஒரு வட்டம். வட்டத்துக்குள் "காலி" என்று எழுதியிருந்தார்.

பிப்ரவரியை எடுத்தாள். அதே வட்டம். சதுரத்தை நோக்கிக் கொஞ்சம் நகர்ந்திருந்தது. மார்ச், ஏப்ரல், மே. ஒவ்வொரு தாளிலும் வட்டம் ஒரு விரல் அகலம் கீழே வந்திருந்தது. நவம்பர்த் தாளில் சின்னச் சதுரம் வட்டத்துக்குள் இருந்தது.

அவள் சிரிக்கப் பார்த்தாள். டாக்ஸிக்காரருக்குப் பொழுது போகவில்லை போலிருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டே கை பல் மருத்துவரின் கட்டைப் பிரித்தது. வேறு குடில், வேறு திட்டு, அறுபது மைல் தள்ளி. அவர் பேனாவால், கோணல் இல்லாமல், அழகாக வரைந்திருந்தார். வட்டம். காலி. ஜூன் மாதத்தில் குடில் வட்டத்துக்குள். நர்ஸ் சகோதரிகளின் தாள்களும் அப்படியே, செப்டம்பரில். மற்ற ஆறு பேருடையதிலும் வட்டம் வந்துகொண்டிருந்தது. சிலதில் பாதி தூரம், சிலதில் அதற்கும் மேல். இவர்கள் ஒருவரையொருவர் பார்த்ததுகூட இல்லை. எல்லாத் தாளும் அவளிடம்தான் வந்தது, அவள் ஒன்றைக்கூடத் திருப்பவில்லை.

தலையைத் தூக்கித் திறப்பு வழியாகப் பார்த்தாள்.

காலி இடம் பழைய இடத்தில் இல்லை. இருநூறு அடிக்கு அப்பால் இருந்தது இப்போது நூறு அடியில். பறவைகள் எதற்கும் பதறவில்லை, அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. நாய் வந்தால் பறக்கும், மனிதன் வந்தால் பறக்கும், பருந்தின் நிழல் விழுந்தால் நாலாயிரமும் ஒன்றாக எழும். இப்போது ஒன்றும் எழவில்லை. குடத்தோடு வருகிறவருக்குச் சந்தில் ஒதுங்கி வழிவிடுவது போல, உள்ளான்கள் ஒற்றைக்காலை ஊன்றி, இரண்டடி நடந்து, விலகி நின்றன. பின்னால் இருந்தவை மறுபடி சேர்ந்துகொண்டன. நடுவில் வெறும் மணல் நகர்ந்து வந்தது.

மணலில் தடம் விழுகிறதா என்று தொலைநோக்கியில் பார்த்தாள். இல்லை.

போனில் சிக்னல் நன்றாகவே இருந்தது.

"ஏங்க, கிளம்பி வாங்க."

"மணி ஒண்ணே முக்கால்தானே ஆகுது? பாதை மூணுக்குத்தானே திறக்கும்? என்ன, பறவைங்க வரிசையில நிக்க மாட்டேங்குதா?"

"விளையாடாதீங்க. எனக்கு இங்க தனியா இருக்க முடியல. பயமா இருக்குங்க."

இருபத்தாறு வருடக் குடித்தனத்தில் அவள் வாயிலிருந்து அந்த வார்த்தையை அவன் கேட்டதே இல்லை.

"சாவிய எடுத்துட்டேன்" என்றான். "முழங்கால் தண்ணிதானே, நடந்தே வந்துடுவேன். போனை வைக்காதேன்னு சொல்லுவேன், ஆனா வண்டி ஓட்டணும். கதவைச் சாத்திட்டு உட்காரு."

அவள் தாழ்ப்பாளைப் போட்டாள். பெஞ்சில் உட்கார்ந்தாள். அவன் வருகிறான் என்ற நினைப்பே அரைத் தைரியம் தந்தது. பார்க்காமல் இருந்தால் வராது என்று நினைத்ததுபோல் திறப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டாள். வெளியே பறவைகளின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஆயிரக்கணக்கான சின்னத் தொண்டைகளின் முணுமுணுப்பு, நடுநடுவே பவளக்காலியின் விசில், மரக்கால்களில் தண்ணீர் அடிக்கும் சத்தம், பலகைகளின் கீச்சு, சேற்றின் அழுகல் வாசனை, தன் பையிலிருந்த ஆரஞ்சின் வாசனை.

பிறகு அருகிலிருந்த சத்தங்கள் குறைந்தன. முதலில் முன்பக்கம். பிறகு இடப்பக்கம். வலப்பக்கம். யாரோ ஒவ்வொரு அறையாக விளக்கை அணைத்துக்கொண்டு வருவது மாதிரி. கடைசியில் தண்ணீர் அடிக்கும் சத்தமும் நின்றது. சேற்று வாசனையும் இல்லை. ஆரஞ்சை மூக்கருகில் கொண்டுபோனாள். வாசனை இல்லை.

குடில் வட்டத்துக்குள் இருந்தது.

அசையாமல் உட்கார்ந்திருந்தாள். தரைப் பலகை இடுக்கு வழியாகக் கீழே மணல் தெரிந்தது. மணல்தான். வேறொன்றுமில்லை. ஒன்றுமில்லாததுதான் கீழே நின்றுகொண்டிருந்தது. கதவைத் தட்டவில்லை. மூச்சு விடவில்லை. காத்துக்கொண்டிருந்தது. எதற்காக என்று அவளுக்குத் தெரியவில்லை.

கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியிலிருந்த தாள்களில் வைத்தாள். நிறுத்திவிட்டவர்களின் கடைசித் தாள்கள் மூன்றும் மேலே இருந்தன. வட்டத்துக்கு அடியில் சின்ன எழுத்தில், முதலில் அவள் கவனிக்காத குறிப்புகள்.

பல் மருத்துவர்: "பயந்துவிட்டேன். மனைவியைக் கூப்பிட்டேன். வருகிறாள்."

நர்ஸ் சகோதரிகள்: "இருவருக்கும் முடியவில்லை. அண்ணனை வரச் சொல்லியிருக்கிறோம். பாதையில் தெரிகிறார்."

டாக்ஸிக்காரர்: "மகனைக் கூப்பிட்டேன். வருகிறான்."

மூன்றிலும் அதற்குமேல் ஓர் எழுத்துகூட இல்லை. ஜூலையில் மருத்துவரின் வீட்டுக்குப் போன் போட்டபோது மனைவிதான் எடுத்தாள். "அவர் இல்லைங்க" என்றாள். எப்போது வருவார் என்று கேட்டதற்கும் அதையே சொன்னாள். வீட்டுச் சண்டை, நமக்கெதற்கு என்று இவள் வைத்துவிட்டாள். இப்போது அந்தக் குரல் காதுக்குள் மறுபடி கேட்டது. எந்த ஏற்ற இறக்கமும் இல்லாத குரல். இந்தத் தாள்களைத் தபாலில் போட்டது யார் என்று யோசிக்க அவளுக்குத் துணிவில்லை.

அது அவளுக்காக வரவில்லை. அவள் கூப்பிடப்போகும் ஆளுக்காகக் காத்திருந்தது. அவள் கூப்பிட்டும்விட்டாள்.

போன் போட்டாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி. மறுபடி.

குடிலுக்கு அடியில் ஓர் உள்ளான் கத்தியது. இன்னொன்று. தண்ணீர் மரக்காலில் அடித்தது, சேற்று நாற்றம் மூக்கில் ஏறியது. இடுக்கு வழியாகப் பார்த்தால் சின்னக் கால்கள் ஓடிக்கொண்டிருந்தன. அது போய்விட்டது. ஒரு நொடி அவளுக்கு அழுகையே வந்தது, சந்தோஷத்தில்.

பிறகு எங்கே போனது என்று புரிந்தது.

கதவைத் திறந்து படி உச்சியில் நின்றாள். கல்பாதை தண்ணீருக்கடியில் மங்கலாகத் தெரிந்தது. இரண்டு பக்கமும் ஆங்காங்கே மேடான சேறு தலைகாட்டத் தொடங்கி, பறவைகள் அதில் இறங்கி மேய்ந்துகொண்டிருந்தன. பாதி தூரத்தில் அவன். நீலச் சட்டை, மடித்துவிட்ட கால்சட்டை, ஒரு கையில் செருப்பு. அவன் அடி வைக்க வைக்க இரு பக்கமும் பறவைகள் கத்திக்கொண்டு எழுந்தன. அந்தக் கத்தல் அவள் காதுக்கு அவ்வளவு இனிமையாக இருந்தது.

அவனுக்கும் குடிலுக்கும் நடுவே, சேற்றில், உள்ளான்கள் நடந்து விலகிக்கொண்டிருந்தன. காலி இடம் அவனை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

போனை எடுத்துவிட்டான். "தெரியுது, தெரியுது, உன் குடிசை தெரியுது. எத்தனை தடவை அடிப்பே?"

"திரும்பிப் போங்க! ஓடுங்க! வராதீங்க!"

"என்னம்மா இது? நீதானே வான்னே?"

"நான்தான் சொன்னேன், தப்பாச் சொல்லிட்டேன், ஐயோ, போங்களேன்!"

அவன் நின்றான். அவளைப் பார்த்துக் கையைத் தூக்கினான். அவனைச் சுற்றி எழுந்த பறவைகள் ஒவ்வொன்றாகத் தரையிறங்கின. கத்தல் நின்றது. அவனுக்கு அருகிலிருந்தவை பறக்கவில்லை. இரண்டடி நடந்து, விலகி நின்றன. சுற்றிலும். ஓர் அறை அளவுக்கு.

"ஏங்க?"

நீலச் சட்டை மறுபடி நடக்கத் தொடங்கியது. குடிலை நோக்கி. அவசரமில்லாமல். காலடியில் தண்ணீர் கலங்கவில்லை. இரண்டு பக்கமும் பறவைகள் வழிவிட்டன, ஒன்றுகூட எழவில்லை. அவள் உள்ளே ஓடித் தாழ்ப்பாளைப் போட்டாள். முதுகைக் கதவில் சாய்த்துக்கொண்டாள். போன் இன்னும் காதில் இருந்தது.

வெளியே சத்தங்கள் அணைந்தன. முன்பக்கம். இடப்பக்கம். வலப்பக்கம்.

முதல் படி கீச்சிட்டது. இரண்டாவது.

"ஏம்மா," என்றது போனில் அவன் குரல், ரொம்ப தூரத்திலிருந்து, சின்னப் பிள்ளையின் குரல் மாதிரி. "நான் எங்க நிக்கிறேன்னே தெரியல. தண்ணி இல்ல. கரை இல்ல. ஒரு பறவைகூட இல்லம்மா. எல்லாம் காலியா இருக்கு. நீ எங்க இருக்கே?"

ஏழாவது படி கீச்சிட்டது. கதவுக்கு அந்தப் பக்கம், ஏற்ற இறக்கம் எதுவும் இல்லாமல், அதே குரல் சொன்னது:

"வந்துட்டேன். வா, வீட்டுக்குப் போகலாம்."