சேர்மக்கனியின் அசதி

காலை பத்து மணிக்கெல்லாம் ரிஸ்வானாவுக்குக் கெண்டைக்கால் கடுக்க ஆரம்பித்துவிட்டது. அவள் கட்டிலில்தான் படுத்திருந்தாள். தலைக்கு மேலே மின்விசிறி, பக்கத்தில் ஒரு சொம்பு மோர். இருந்தும் கடுப்பு இடுப்புக்கு ஏறி, தோளைப் பிடித்து, கண்ணிமையைக் கீழே இழுத்தது. அந்த நேரத்தில் ஊருக்கு வெளியே உப்பளத்தில் சேர்மக்கனி என்ற பெண் பாத்தியில் இறங்கி உப்பு வாரிக்கொண்டிருந்தாள். வேலை அவளுடையது, அசதி ரிஸ்வானாவுடையது.

தூத்துக்குடிக்குத் தெற்கே இருக்கும் தென்கரை வாழ்வாதார மையத்தின் கூடம் முழுக்க இப்படித்தான் கட்டில்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பயிற்சித் தொண்டர் சுருண்டு கிடப்பார். முன்னொரு காலத்தில் தொண்டர்கள் மரக்கன்று நட்டார்கள், வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டார்கள், நட்ட கன்றோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அசதிமாற்றி வந்தபிறகு அதெல்லாம் பழைய கதையாகிவிட்டது.

அசதிமாற்றி என்பது மணிக்கட்டில் கட்டும் பட்டை, அவ்வளவுதான். உழைப்பவர் கையில் ஒன்று, தொண்டர் கையில் ஒன்று. உழைக்கிற உடம்பு மூளைக்கு ‘போதும், உட்கார்’ என்று ஒரு சேதி அனுப்புமே, அதை முதல் பட்டை பாதி வழியில் மறித்து இரண்டாவது பட்டைக்குத் தள்ளிவிடும். உழைப்பவர் காலையில் எழுந்த தெம்போடே பொழுது சாயும்வரை இருப்பார். வாங்கியவர் கட்டிலில் முனகிக்கொண்டிருப்பார். உலகத்தில் இதைவிடப் பெரிய தொண்டு உண்டா என்று பத்திரிகைகள் எழுதின. ரிஸ்வானாவும் அப்படித்தான் நினைத்தாள். மேலப்பாளையத்திலிருந்து உம்மா மட்டும் போனில், படுத்துக் கிடக்கிறதுக்கா அவ்வளவு தூரம் போனாய், அதை இங்கேயே செய்திருக்கலாமே என்று கேட்டாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் தொண்டர்கள், தங்கள் பட்டைக்கு இணையான பட்டை கட்டியவரைப் பார்க்க உப்பளத்துக்குப் போவார்கள். முதல் தடவை போனபோதே ரிஸ்வானாவுக்குச் சேர்மக்கனியைப் பிடித்துப்போயிற்று. நாற்பதைத் தாண்டிய மனுஷி, வாய் ஓயாது. முன்பெல்லாம் வீட்டுக்குப் போனால் சோற்றில் கையை வைத்தபடியே தூங்கிவிடுவாளாம். இப்போது சாயங்காலம் என்று ஒன்று கிடைத்திருக்கிறது.

“எத்தன வருசம் கழிச்சி எம்புருசங்கூடச் சண்ட போடத் தெம்பு வந்திருக்கு, தெரியுமா பிள்ள?” என்று சொல்லிச் சிரித்தாள். ரிஸ்வானாவுக்கு மனசு நிறைந்துவிட்டது. அன்றைக்கு மூன்று மாதப் பயிற்சியை ஆறு மாதமாக நீட்டித்துத் தரச் சொல்லிக் கேட்டாள்.

கோடை முற்ற முற்ற அசதியும் முற்றியது. கூடத்துச் சுவரில் ஒரு மின்பலகை. தொண்டர்கள் அன்றன்று சுமந்த அசதியின் மொத்த அளவு அதில் ஓடும். அது ஏறிக்கொண்டே போனது. போன வருடத்தைப் போல இரண்டு மடங்கு ஆனபோது மையத்தின் இயக்குநர் ஞானதுரை எல்லாருக்கும் முந்திரி இனிப்பான மக்ரூன் வாங்கிக் கொடுத்தார். கைதட்டினார்கள். ரிஸ்வானாவால் கையைத் தூக்க முடியவில்லை, படுத்தபடியே மக்ரூனைக் கடித்தாள். ஒரு பெண்ணுக்கு இவ்வளவு அசதி எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி அப்போதுதான் அவளுக்கு வந்தது.

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமைக்குக் காத்திராமல், சொல்லாமல் கொள்ளாமல் அளத்துக்குப் போனாள். உச்சி வெயில். ஒருவரும் உட்கார்ந்திருக்கவில்லை. மதிய ஓய்வை நிறுத்திப் பல நாளாகிவிட்டதாம். ஆளுக்கு இன்னும் இரண்டு பாத்தி கூடியிருந்தது. நிழலுக்குப் போட்ட கொட்டகைக்குள் உப்பு மூட்டை அடுக்கி வைத்திருந்தார்கள். கங்காணி லிங்கராஜிடம் கேட்டதற்கு, யாரும்மா ஓய்வு கேட்டா, உங்க புண்ணியத்துல யாருக்கும் அசதியே இல்லையே என்றார். மனுஷன் கேலி செய்யவில்லை, நன்றியோடுதான் சொன்னார்.

சேர்மக்கனி விறுவிறுவென்று நடந்து வந்தாள். அவள் கால் இரண்டும் வெடித்து, உப்பு ஏறி, கணுக்கால் வீங்கியிருந்தது. ஏன் அக்கா காலைப் பார்க்கவில்லை என்று ரிஸ்வானா பதறினாள்.

“உக்காந்தாத்தான பிள்ள காலப் பாக்க முடியும்” என்றாள் சேர்மக்கனி. பிறகு குரலைத் தாழ்த்தி, கொஞ்ச நாளாகச் சிறுநீர் பாலில்லாத கட்டங்காப்பி நிறத்தில் போகிறது என்றும் சொன்னாள்.

ரிஸ்வானா அவளைக் கையோடு மருத்துவரிடம் கூட்டிப்போனாள். உடம்பில் தண்ணீர் வற்றியிருக்கிறது, இந்த வெயிலில் இன்னும் ஒரு மாதம் இப்படி நின்றால் சிறுநீரகம் போய்விடும் என்றார் மருத்துவர். அசதியாக இருக்கும்போதே உட்கார்ந்திருக்க வேண்டியதுதானே என்று கடிந்துகொண்டார்.

“அசதியே வரலையே டாக்டரம்மா.”

பக்கத்தில் நின்ற ரிஸ்வானாவுக்குத் தரைக்குள் போய்விடலாமா என்றிருந்தது. அந்த அசதி முழுவதையும் வாங்கிக்கொண்டது அவள்தானே.

ஞானதுரை கெட்டவர் இல்லை. ரிஸ்வானா சொன்னதைக் கேட்டதும் முகம் வெளிறி உட்கார்ந்துவிட்டார். பட்டை அசதியின் சேதியை மட்டும்தான் மாற்றும், தேய்மானம் உழைப்பவர் உடம்பிலேயே இருக்கும் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் அவர்கள் வழக்கம்போல மதியம் உட்காருவார்கள் என்று நினைத்துவிட்டார். அசதியில்லாதவள் எதற்கு உட்காரப்போகிறாள்? திட்டம் போட்ட ஒருவருக்கும் அது தோன்றவில்லை. அளத்து முதலாளியிடம் பேசிப் பார்க்கிறேன் என்றார். பேசியும் பார்த்தார். என் அளத்தில் யாராவது அசதி என்று சொன்னார்களா என்று முதலாளி திருப்பிக் கேட்டுவிட்டார். பட்டையை நிறுத்திவிடலாமே என்றாள் ரிஸ்வானா. அசதியைக் கொடுத்தவர்கள் கேட்காமல் நாமாக நிறுத்துவது முறையில்லை என்றார் ஞானதுரை.

ஆக, சேர்மக்கனியைத்தான் கேட்க வேண்டும். கேட்டபோது அவளுக்கு வந்ததே கோபம்!

“குடுத்ததத் திருப்பிப் பிடுங்க வந்தியாக்கும்? எனக்குன்னு ஒரு சாயங்காலம் கெடச்சிருக்கு. அது உனக்குப் பொறுக்கலையா?”

அவள் சொன்னது அத்தனையும் நியாயம். ரிஸ்வானாவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. உன் சாயங்காலமும் வேண்டும் அக்கா, நீயும் வேண்டும், எப்படியென்றுதான் தெரியவில்லை என்று சொல்லிவிட்டு நின்றாள். சேர்மக்கனி வீங்கிய காலைத் தடவிக்கொண்டே இருந்தாள். அப்புறம், வாங்கிய அசதியை மொத்தமாகத் திருப்பி அனுப்ப முடியுமா என்று கேட்டாள். அன்றன்று வாங்கியதை அனுப்பலாம், அதற்குப் பட்டையிலேயே ஒரு விசை இருக்கிறது என்றாள் ரிஸ்வானா.

“எனக்கு மட்டும்னா நான் மட்டும் மாட்டிக்கிடுவேன். எல்லாத்துக்கும் ஒரே நேரத்துல அனுப்பு. நான் மத்த பொம்பளையள்ட்ட பேசுதேன்.”

பேசினாள். பெண்கள் சரி என்றார்கள். கொடுத்தவர்களே கேட்டபிறகு ஞானதுரையும் மறுக்கவில்லை, மின்பலகையை ஒருமுறை ஏக்கத்தோடு பார்த்துவிட்டுத் தலையாட்டினார். கிழக்கே மேகம் திரண்டிருந்த ஒரு நாள், வெட்டவெளியில் குவிந்த உப்பை மழைக்கு முன்னால் ஏற்ற வேண்டுமென்று அளத்தில் லாரிகள் வந்து நின்றபோது, கூடத்தில் எல்லாத் தொண்டர்களும் விசையைத் திருப்பினார்கள். ரிஸ்வானாவுக்கு உடம்பு பஞ்சுபோல லேசாகிப் போனது. அங்கே அளத்தில் சேர்மக்கனி முதலில் உட்கார்ந்தாள். அடுத்தவள் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். கொடியில்லை, கோஷமில்லை. நின்ற இடத்தில், வரப்பில், உப்புக் குவியலின் ஓரத்தில், அளமே உட்கார்ந்துவிட்டது.

பட்டைகளைக் கழற்றி எடுத்துக்கொண்டு தொண்டர்கள் வேன் பிடித்து வந்து சேர்ந்தபோதும் யாரும் எழவில்லை. லிங்கராஜ் கெஞ்சிக்கொண்டிருந்தார். முதலாளியும் காரில் வந்து இறங்கினார். மேகத்தைப் பார்த்தார், குவியலைப் பார்த்தார், என்னதான் வேண்டும் என்று கேட்டார். மதிய ஓய்வு வேண்டும், தண்ணீர் வேண்டும், கொட்டகை காலியாக வேண்டும் என்று பெண்கள் சொன்னார்கள். சரி சரி என்றார், இனி தொண்டர்கள் மறுபடி பட்டையைக் கட்டிக்கொள்ளலாமே என்றும் சேர்த்துக்கொண்டார். அவர் சொன்ன வேகத்திலேயே தெரிந்தது, மழை போனால் பேச்சும் போய்விடும்.

சேர்மக்கனி உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னாள்.

“அசதி எங்களுக்கும் வேண்டாம், இந்தப் பிள்ளையளுக்கும் வேண்டாம் மொதலாளி. எப்ப உக்காரணும்னு சொல்லுதது யாரு? நீங்கதான? அப்ப அதக் கொஞ்சம் நீங்க வாங்கிக்கிடுங்க.”

பெண்கள் சிரித்தார்கள். முதலாளியும் சிரித்தார். கட்டிலில் படுத்துக்கொண்டு சின்னப் பிள்ளைகள் வாங்குகிற அசதிதானே, கொடுங்கள் என்று கையை நீட்டினார். ரிஸ்வானா விசையைப் பழையபடி திருப்பி, தன் பட்டையை அவர் மணிக்கட்டில் கட்டினாள். இவர் இதையும் தாங்கிவிட்டால் சேர்மக்கனிக்கு வேறு வழியே இல்லை.

பெண்கள் எழுந்து உப்பை ஏற்றத் தொடங்கினார்கள். தொண்டர்கள் கொட்டகையிலிருந்த மூட்டைகளை வெளியே சுமந்து லாரியில் போட்டார்கள். நாலு மூட்டை தூக்குவதற்குள் ரிஸ்வானாவுக்கு மூச்சு வாங்கியது. மையத்தில் சேர்ந்தபிறகு அவளுக்கு வந்த முதல் சொந்த அசதி அது, அவளுக்கு அது பிடித்தும் இருந்தது.

முதலாளி அளத்து ஆபீசில் மேசைவிசிறிக்கு முன்னால் உட்கார்ந்து டீ வரவழைத்தார். லிங்கராஜிடம் ஏதோ ஜோக் சொன்னார். டீ பாதி இருக்கும்போது பேச்சு நின்றது. கெண்டைக்காலைத் தடவினார். நாற்காலியில் சரிந்தார். வெளியே லாரிகள் பாதிதான் நிரம்பியிருந்தன, கிழக்கே மேகம் இன்னும் கறுத்திருந்தது. அவர் எதையும் பார்க்கவில்லை.

“லிங்கராஜ், எல்லாரையும் நெழல்ல உக்காரச் சொல்லும்.”

கங்காணிக்குக் காதை நம்ப முடியவில்லை. எவ்வளவு நேரத்துக்கு என்று கேட்டார்.

முதலாளி கண்ணை மூடிக்கொண்டார்.

“எனக்கு அசதி தீர்ற வரைக்கும்.”